மேகத்துக்குள்ளே குறி பார்க்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் வெலிங்டன் பட்டாளத்தைப் பற்றி எழுதியபோது போகிறபோக்கில் ஸ்னைப்பர் துப்பாக்கி (மறைந்திருந்து தூரத்து இலக்கைக் குறி பார்த்துச் சுடுவது) என்று ஒரு வரி வந்துவிட்டது. கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா, உலகத்திலேயே நம்பர் 1 ஸ்னைப்பர் துப்பாக்கி எது? மொபைல் கேமில் ஏடபிள்யூஎம்தான் டாப். ஒரே அடியில் ஆள் காலி. நிஜத்திலும் அப்படித்தானா?
– பிளஸ் டூ மாணவர், கோத்தகிரி

தம்பி, நம்பர் 1 என்று ஒன்று கிடையாது. மழுப்புகிறேன் என்று நினைக்காதே. எந்த ஊரில், எந்தக் குளிரில், எந்தச் சேற்றில், யாரைப் பார்த்துச் சுட என்று கேட்டால்தான் இதற்குப் பதில் வரும். பேர் வாங்கிய துப்பாக்கி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார், அதற்கு முன்னால் எங்கோ ஒரு இடத்தில் இன்னொரு துப்பாக்கி காலை வாரியிருக்கும்.

நீ சொல்லும் ஏடபிள்யூஎம்மையே எடுத்துக்கொள்வோம். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் புது ஸ்னைப்பர் துப்பாக்கி தேடியது. பார்க்கர்-ஹேல் மாதிரி பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனியோடு போட்டிக்கு வந்தது ஆக்யூரசி இன்டர்நேஷனல் என்ற குட்டிக் கம்பெனி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 1988 சியோல் இரண்டு ஒலிம்பிக்கிலும் ரைஃபிள் சுடுதலில் தங்கம் வாங்கிய மனிதர். பந்தயத்தில் சுடுகிறவனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த துப்பாக்கி அது. போட்டியில் ஜெயித்து எல்96 என்று ராணுவத்துக்குள் போனது.

அதில் என்ன விசேஷம் என்றால், கட்டை. பழைய துப்பாக்கிகளில் குழலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும் மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும். ஜூன் ஜூலையில் நம் வீட்டுக் கதவு ஈரத்தில் உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் முரண்டு பிடிக்கிறதே, அதே கதைதான் அங்கேயும். மரம் உப்பி குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால், நேற்று பார்த்து வைத்த குறி இன்றைக்குச் செல்லாது. அமெரிக்க மரைன் படையின் எம்40 வியட்நாம் மழைக்காட்டில் இந்த அவஸ்தையை நன்றாகவே பட்டது, அப்புறம் 1970களில் ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு மாறினார்கள். கூப்பர் கோஷ்டி மரத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, அலுமினியச் சட்டத்தில் உறுப்புகளைப் பொருத்தி, மேலே பிளாஸ்டிக் ஓடு போட்டார்கள். சுவீடன்காரர்கள் பனியில் உறையாத மாதிரி வேண்டும் என்று கேட்க, அதற்காகத் திருத்திச் செய்ததுதான் ஆர்க்டிக் வார்ஃபேர், சுருக்கமாக ஏடபிள்யூ. பெரிய தோட்டா போடுகிற அதன் அண்ணன்தான் உன் ஏடபிள்யூஎம். அந்த வம்சத்தில் வந்த எல்115ஏ3 துப்பாக்கியால்தான் 2009இல் ஆப்கானிஸ்தானில் கிரெய்க் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் வீரர் 2,475 மீட்டர் தூரத்தில் குறி அடித்தார்.

ஆனால் உன் கேமில் காற்று அடிப்பதில்லை. நிஜத்தில் பாதி வேலை அதுதான். அடுத்த பதிலையும் படி.

கொடைக்கானல் போன்ற உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, கூடவே மூடுபனி, ஈரப்பதம். இவை குண்டின் பாதையை எப்படிப் பாதிக்கும்? மலைச் சரிவில் மேல்நோக்கிச் சுடுவதற்கும் கீழ்நோக்கிச் சுடுவதற்கும் வித்தியாசம் உண்டா?
– இயற்பியல் ஆசிரியை, கொடைக்கானல்

டீச்சர், வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகிறேன்.

முதலில் உயரம். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் அதைவிடக் கொஞ்சம் கீழே. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குண்டை முன்னால் போகவிடாமல் பிடித்து இழுப்பது காற்றுதான் என்பதால், இங்கே அது வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும், குறைவாகத்தான் கீழே இறங்கும். சென்னையில் குறி சரிபார்த்த துப்பாக்கியை (ராணுவத்தில் ஜீரோ செய்வது என்பார்கள்) அப்படியே தொட்டபெட்டாவுக்குக் கொண்டுபோய்த் தூரத்து இலக்கைச் சுட்டால் குண்டு மேலே போகும். கார்கில் போர் நடந்த சிகரங்கள் மாதிரி 5,000 மீட்டர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். சமவெளிக்குப் போட்ட அட்டவணையை அங்கே விரித்து வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

குளிர் இதற்கு நேர் எதிர். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தும் குளிர்ந்தால் சற்று மெதுவாக எரியும், குண்டு கிளம்பும் வேகமே குறையும். ஆக, உயரம் மேலே தள்ளுகிறது, குளிர் கீழே இழுக்கிறது. நாள் முழுக்க இந்தக் கணக்குதான்.

ஈரப்பதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஈரக் காற்று கனமானது, குண்டைப் பிடித்து நிறுத்தும் என்று நிறையப் பேர் சத்தியம் செய்வார்கள். உங்களுக்குத் தெரியாததா, நீராவி மூலக்கூறின் எடை 18, நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32. காற்றில் நீராவி ஏற ஏற அது லேசாகத்தான் ஆகும். அதுவும் மிகச் சிறிய வித்தியாசம், கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. மூடுபனியின் தொல்லை முழுக்கக் கண்ணுக்குத்தான். மேகம் இறங்கினால் எதிர்ச் சரிவே காணாமல் போகிறது, அப்புறம் எந்த நாட்டுத் துப்பாக்கியாக இருந்தால் என்ன? துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் ஈரம் போனால் உள்ளேயே பனி படியும் என்பதால், உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடுகிறார்கள். நம் பக்கத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துத் தலையில் கை வைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி சரிவு. மேல்நோக்கிச் சுட்டால் குண்டு கீழே விழும், கீழ்நோக்கிச் சுட்டால் மேலே போகும் என்றுதான் சாதாரணமாக யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டிலும் மேலேதான் போகும். புவியீர்ப்பு செங்குத்தாக இழுக்கிறது, குண்டின் பாதைக்குக் குறுக்கே விழுவது அதில் ஒரு பங்குதான். 30 டிகிரிச் சரிவில் 600 மீட்டர் தள்ளி ஓர் இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டத்தில் அது 520 மீட்டர்தான். சாதாரண 7.62 மி.மீ. தோட்டாவின் குண்டு 600 மீட்டர் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும், அதற்குள் சமதரையில் நான்கு மீட்டர் அளவுக்கு இறங்கும். சரிவை மறந்துவிட்டு சமதரைக் கணக்கையே போட்டால் குண்டு அரை மீட்டர் உயரே போய்விடும். அரை மீட்டர் என்றால் ஆளின் தலைக்கு மேலே. இப்போது வரும் தூரம் அளக்கும் லேசர் கருவிகள் பலவும் கோணத்தையும் சேர்த்தே அளந்து சொல்லிவிடுகின்றன. முன்பெல்லாம் கோசைன் எண்கள் எழுதிய அட்டையைத் துப்பாக்கியில் ஒட்டி வைத்திருப்பார்கள். உங்கள் மாணவர்கள் கோசைன் எதற்கு உதவும் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்.

இத்தனையும் கணக்குப் போட்டுவிடலாம். கணக்கில் அடங்காதது பள்ளத்தாக்குக் காற்று. சுடுகிறவன் இருக்கும் மேட்டில் இலை அசையாது, நடுப் பள்ளத்தில் காற்று இடமிருந்து வலம் போகும், எதிர் மேட்டில் வலமிருந்து இடம். நடுவில் தவழும் மூடுபனி எந்தப் பக்கம் நகர்கிறது, புல் எப்படிச் சாய்கிறது என்று பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். பக்கத்தில் பெரிய டெலஸ்கோப்போடு இன்னொருவர் படுத்திருப்பாரே, ஸ்பாட்டர், அவருடைய முக்கிய வேலை இதுதான். பல படைகளில் அனுபவசாலி ஸ்பாட்டராக இருப்பார், இளையவர் சுடுவார்.

நான் இருந்த காலத்தில் எங்களுக்கு டிராகுனோவ்தான். இன்னும் அதுதானா, மாற்றிவிட்டார்களா?
– முன்னாள் ஹவில்தார், குன்னூர்

அது இன்னும் இருக்கிறது ஐயா, ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டில் அதற்குத் துணை வந்துவிட்டது. 2019இல் இத்தாலியின் பெரெட்டா ஸ்கார்ப்பியோ டிஜிடி, அமெரிக்காவின் பேரட் எம்95 இரண்டையும் வடக்குக் கட்டளைக்கு வாங்கினார்கள். 2022இல் ஃபின்லாந்தின் சாக்கோ டிஆர்ஜி 42 வந்தது. பெரெட்டாவும் சாக்கோவும் .338 லபுவா மேக்னம் தோட்டா, பேரட் .50 (இந்த எண்கள் குண்டின் தடிமன், அங்குலக் கணக்கில்).

டிராகுனோவைப் பழசு என்று கழித்துக்கட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. யெவ்கேனி டிராகுனோவ் அதற்கு முன்னால் போட்டித் துப்பாக்கிகள் செய்துகொண்டிருந்தவர். 1963இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்டது. ஸ்கோப்போடு சேர்த்து 4.3 கிலோதான், பத்து தோட்டா, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுக்க வேண்டாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒற்றை ஆளைச் சுடுவதற்காகச் செய்ததில்லை அது. படைப்பிரிவோடு கூடவே ஓடி, சாதாரணத் துப்பாக்கி எட்டாத 600, 800 மீட்டரில் மெஷின் கன்காரனை அடக்குவதற்கு. அதனால்தான் அதில் பயனெட் மாட்டக்கூட இடம் வைத்திருக்கிறார்கள்! ஸ்னைப்பர் துப்பாக்கியில் கத்தி எதற்கு என்று மேற்கத்தியர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஓடுகிற சிப்பாய்க்குச் செய்தது என்று புரிந்தால் சிரிப்பு வராது.

அதன் ஸ்கோப் உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிஎஸ்ஓ-1 என்று பெயர், நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும். கண்ணை வைத்தால் இடது கீழ் மூலையில் ஒரு வளைகோடு, அதன் மேல் 2, 4, 6, 8, 10 என்று எண்கள். நேர்கோட்டில் ஆளின் காலை வைத்து, வளைகோட்டில் தலை எங்கே தொடுகிறது என்று பார்த்தால் அந்த எண்தான் நூறு மீட்டர் கணக்கில் தூரம். 1.7 மீட்டர் உயர ஆளுக்கு வரைந்தது. பேட்டரி தீர்ந்தாலும் வேலை செய்யும், கணக்கே தெரியாத சிப்பாய்க்கும் புரியும்.

பேரட்டின் கதை இன்னும் சுவாரசியம். ரோனி பேரட் டென்னசியில் ஒரு போட்டோகிராஃபர், பொறியியல் படித்தவர் இல்லை. ஒரு படகில் இருந்த .50 மெஷின் கன்னைப் படம் எடுத்தபோது, இந்தத் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுட முடிந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்து 1982இல் தானே வரைந்து செய்த துப்பாக்கிதான் எம்82. கம்பெனிகள் சிரித்தன. 1989இல் சுவீடன் வாங்கியது, வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவமும் வாங்கியது. இந்த ரகம் ஆளைவிட ரேடார், வாகன எஞ்சின், நிறுத்தி வைத்த விமானம் மாதிரிப் பொருள்களைக் கெடுக்கத்தான் அதிகம்.

எங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும். பனியில் 500 பேரைச் சுட்ட ஃபின்லாந்துக்காரர் என்று ஒருவரைப் பற்றிப் படித்தேன். உண்மையா?
– காய்கறி விவசாயி, தலைகுந்தா

உண்மை. சிமோ ஹாய்ஹா. அவரும் விவசாயி, வேட்டைக்காரர். 1939 நவம்பர் 30ஆம் தேதி சோவியத் படை ஃபின்லாந்துக்குள் நுழைந்தது, குளிர் மைனஸ் 40 வரை போன சண்டை அது. ஐந்நூறுக்கு மேல் என்பது ஃபின்லாந்து தரப்பு எண்ணிக்கை.

எண்ணிக்கையை விடுங்கள், அவர் ஸ்கோப்பே வைக்கவில்லை என்பதுதான் விஷயம். எம்/28-30 என்ற துப்பாக்கி, மோசின்-நாகாந்தின் ஃபின்லாந்து வடிவம், அதில் இரும்புக் குறியை வைத்தே சுட்டார். ஸ்கோப்பில் பார்க்கத் தலையைச் சில அங்குலம் உயர்த்த வேண்டும், கண்ணாடி வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும், அந்தக் குளிரில் பனி மூடும். மூன்று காரணமும் நியாயமானவை. மூச்சு புகையாகத் தெரியாமல் இருக்க வாயில் பனியைப் போட்டுக்கொள்வார். குழலுக்கு முன்னால் இருக்கும் பனியைத் தட்டி இறுக்கி வைப்பார், சுடும்போது தூள் கிளம்பாமல் இருக்க. 1940 மார்ச் 6ஆம் தேதி தாடையில் குண்டு பாய்ந்து முகத்தில் பாதி போனது. நினைவு திரும்பியது மார்ச் 13, சமாதானம் ஆன நாள். அப்புறமும் 2002 வரை, 96 வயது இருந்தார்.

ஐயா, எங்கள் கார்டைட் ஃபேக்டரிக்கும் இந்தத் துப்பாக்கிகளுக்கும் சம்பந்தம் உண்டா?
– அருவங்காடு வாசகி

அந்தத் தொழிற்சாலை இல்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்தானே அம்மா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாஸ்லினையும் சேர்த்துப் பிசைந்து, நூல் நூலாகப் பிழிந்தெடுக்கும் புகையில்லா மருந்து. 1889இல் ஃப்ரெடரிக் ஏபல், ஜேம்ஸ் டிவார் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. திரீ நாட் திரீ (.303) தோட்டாவில் முதலில் கருமருந்துதான் இருந்தது, சீக்கிரமே கார்டைட்டுக்கு மாறியது.

ஸ்னைப்பர் வேலையே இந்தப் புகையில்லா மருந்தால்தான் பிழைத்தது என்பேன். கருமருந்துக் காலத்தில் ஒரு முறை சுட்டால் தலைக்கு மேல் வெள்ளைப் புகை எழும்பி இங்கே இருக்கிறேன் என்று காட்டிக்கொடுக்கும். 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மறைந்திருந்து சுடுவது என்பதற்கு அர்த்தமே வந்தது.

துப்பாக்கியே நம் மாநிலத்தில் செய்கிறார்கள், திருச்சியில். வித்வன்சக் என்ற பெரிய ரகம். குழலை மாற்றினால் 12.7, 14.5, 20 மி.மீ. மூன்று தோட்டாவும் போடலாம். எடை இருபத்தைந்து கிலோவைத் தொடும், ஒருவர் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது நடக்காத காரியம். 2021இல் பழைய தளவாட வாரியத்தைக் கலைத்துக் கம்பெனிகளாகப் பிரித்தபோது திருச்சி ஒரு கம்பெனிக்கும் அருவங்காடு இன்னொன்றுக்கும் போய்விட்டன.

சைலன்சர் மாட்டினால் "டுப்" என்று மெல்லிசாக ஒரு சத்தம்தான் வருமா?
– பேக்கரி ஊழியர், ஊட்டி

வராது. குழலின் வாயில் வரும் வெடிச் சத்தத்தைத்தான் அது அடக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும்போது சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம் போடும், அதை எந்தச் சைலன்சரும் ஒன்றும் செய்ய முடியாது. எதிரே இருப்பவனுக்கு முதலில் அந்தச் சொடுக்கு, பிறகு வெடி கேட்கும், இரண்டுக்கும் இடைவெளியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். சைலன்சர் அந்த இரண்டாவது சத்தத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் எங்கிருந்து என்று பிடிபடாது. அதுதான் லாபம். எதிரொலி அடிக்கும் மலைப் பள்ளத்தில் சைலன்சர் இல்லாமலேயே பிடிபடாது, தேயிலைத் தோட்டத்தில் வேட்டுப் போட்டால் எந்தப் பக்கம் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறோமே.

உண்மையிலேயே சத்தம் குறைய வேண்டுமானால் குண்டே மெதுவாகப் போக வேண்டும். சோவியத்தின் விஎஸ்எஸ் வின்டோரெஸ் அப்படிப்பட்டது, கனமான 9 மி.மீ. குண்டு, ஒலியைவிடக் குறைந்த வேகம். 400 மீட்டருக்கு மேல் உபயோகமில்லை.

ஒளிந்திருக்கும் ஸ்னைப்பரை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– வேட்டைத் தடுப்புக் காவலர், நடுவட்டம்

உங்கள் தொழில்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வேட்டைத் துப்பாக்கிகளை ஸ்கோப்போடு பதுங்குகுழிக்குக் கொண்டுவந்து பிரிட்டிஷாரைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் என்ற வேட்டைக்கார அதிகாரி 1916இல் இதற்கென்று ஒரு பள்ளியே நடத்தினார். காகிதக் கூழில் சிப்பாய்த் தலை செய்து, வாயில் சிகரெட் வைத்து, ரப்பர் குழாய் வழியாகக் கீழேயிருந்து ஒருவர் உறிஞ்சிப் புகை விடுவார். எதிரி அந்தத் தலையைச் சுட்டதும், ஓட்டை விழுந்த இடத்தில் பெரிஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் குண்டு வந்த திசை நேராகத் தெரியும். லோவட் ஸ்கவுட்ஸ் என்ற ஸ்காட்லாந்து மலைக்காரர்களும் வந்தார்கள், மான் வேட்டைக்குத் துரைகளை அழைத்துப் போகிற வழிகாட்டிகள். ஸ்னைப்பர்கள் இன்றைக்கும் போடும் தழை தொங்கும் கில்லி சூட் அவர்கள் கொண்டுவந்ததுதான். முக்கூர்த்தியில் வரையாட்டைப் பின்தொடரத் தெரிந்தவர் எவருக்கும் அந்த வித்தையில் புதிதாக ஒன்றும் இருக்காது.

அதே போரில் கனடாவின் ராஸ் துப்பாக்கி சேறு பட்டால் மாட்டிக்கொள்ளும், சாதாரணச் சிப்பாய்கள் தூக்கி எறிந்தார்கள். ஸ்னைப்பர்கள் மட்டும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்கள், குறி அவ்வளவு சுத்தம். ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த ஃப்ரான்சிஸ் பெகமகபோ அதை வைத்துத்தான் பேர் வாங்கினார்.

இதுவரை மிக அதிகத் தூரம் சுட்டது யார்?
– டாக்ஸி ஓட்டுநர், ஊட்டி

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜான் செட்ஜ்விக் என்ற தளபதி, குனிந்து ஒளியும் தன் ஆட்களைப் பார்த்து, "இந்தத் தூரத்திலிருந்து அவர்களால் யானையைக்கூடச் சுட முடியாது" என்று கிண்டல் செய்தார். சற்று நேரத்தில் கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து செத்தார். அறுகோணக் குழல் கொண்ட விட்வொர்த் துப்பாக்கி என்பார்கள்.

வியட்நாமில் கார்லோஸ் ஹாத்காக், 1967இல், .50 மெஷின் கன்னில் ஸ்கோப் மாட்டி 2,286 மீட்டர். அதை 2002இல் ஆப்கானிஸ்தானில் கனடா வீரர்கள் இருவர் மக்மில்லன் டாக்-50 துப்பாக்கியால் முறியடித்தார்கள், கடைசியில் 2,430. பிறகு மேலே சொன்ன ஹாரிசன். 2017இல் ஈராக்கில் மறுபடியும் கனடா, 3,540 மீட்டர், குண்டு போய்ச் சேரப் பத்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. 2023இல் உக்ரைன்காரர் ஒருவர் உள்நாட்டிலேயே செய்த துப்பாக்கியால் 3,800 மீட்டர் என்று உக்ரைன் தரப்பு சொன்னது, 2025இல் 4,000 மீட்டர் என்று அதே தரப்பிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது.

ஊட்டியில் ரயில் ஏறி லவ்டேலில் இறங்கும் தூரம் கிட்டத்தட்ட. பத்து விநாடியில் அந்த ஆள் ஒரு எட்டு எடுத்து வைத்தால் போச்சு. இதையெல்லாம் திறமை இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. தூரத்தை வைத்துத் துப்பாக்கிக்கு மார்க் போடுவது எனக்கு உடன்பாடில்லை. எத்தனை குண்டு தவறியது என்று யாரும் செய்தி போடுவதில்லை பாருங்கள்.

பெண்கள் இதில் உண்டா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

லுட்மிலா பவ்லிசென்கோ, சோவியத் வீராங்கனை, கணக்கில் 309. 1942இல் அமெரிக்கா போனபோது அங்கிருந்த நிருபர்கள் போர்முனையில் மேக்கப் போடுவீர்களா, பாவாடை இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்றெல்லாம் கேட்டார்கள். சிகாகோவில் அவர் சொன்னது: "எனக்கு வயது 25, இதுவரை 309 பாசிசப் படையினரைக் கொன்றிருக்கிறேன். கனவான்களே, என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டிருந்தது போதாதா?" நம் நாட்டில் 2024இல் எல்லைப் பாதுகாப்புப் படையின் சுமன் குமாரி அந்தப் படையின் முதல் பெண் ஸ்னைப்பர் ஆனார்.

போலீஸ் ஸ்னைப்பரும் ராணுவ ஸ்னைப்பரும் ஒன்றுதானா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பழனி

துப்பாக்கி ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. போலீஸுக்குப் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான், ஆனால் பக்கத்திலேயே பிணைக்கைதி நிற்பார், ஒரு அங்குலம் தவறக் கூடாது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பிணை பிடித்தபோது விமான தளத்தில் ஐந்து போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள். கையில் சாதாரண ஜி3 துப்பாக்கி, ஸ்கோப் இல்லை, இரவில் பார்க்கும் கருவி இல்லை, ஒருவரோடு ஒருவர் பேச ரேடியோ இல்லை. பிணைக்கைதிகள் அத்தனை பேரும் செத்தார்கள். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் ஹெக்லர் அண்ட் கோக் பிஎஸ்ஜி1. எட்டு கிலோ, கொள்ளை விலை, நல்ல குறி. சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைப் பத்து மீட்டர் தள்ளி வீசும், போலீஸுக்குப் பரவாயில்லை, மறைந்திருக்கும் சிப்பாய்க்கு ஆகாது. வால்தர் டபிள்யூஏ2000 இன்னும் விலை, 176 மட்டும் செய்து கடையைச் சாத்திவிட்டார்கள்.

டி23 புலியைப் பிடிக்க அத்தனை நாள் திணறினார்களே, ஸ்னைப்பர் துப்பாக்கியில் மயக்க ஊசி போட்டுத் தூரத்திலிருந்து சுட்டிருக்கக் கூடாதா?
– ஜீப் ஓட்டுநர், மசினகுடி

முடியாது. குண்டு மாதிரி வேகத்தில் ஊசி பாய்ந்தால் புலி செத்துப்போகும். மயக்க ஊசித் துப்பாக்கி அழுத்தக் காற்றில் மெதுவாக வீசும் கருவி, சில பத்து மீட்டருக்குள் போயாக வேண்டும், தசை பார்த்துப் போட வேண்டும். லான்டானா புதருக்குள் புலியிடம் அவ்வளவு பக்கத்தில் போவது என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 அக்டோபர் 15ஆம் தேதி உயிரோடு பிடித்தார்கள், அதுவே பெரிய காரியம்.

பூண்டு, உருளை எல்லாம் காட்டுப்பன்றி கிளறிப் போடுகிறது. ஸ்கோப் வைத்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்குமா?
– விவசாயி, பூம்பாறை

இந்தப் பக்கத்தில் பேசிய எதுவும் கிடைக்காது. .303, 7.62 எல்லாம் ராணுவ ரகம், பொதுமக்களுக்குத் தடை. உரிமம் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும் பன்றியை நீங்களாகச் சுட்டால் வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும். சேதத்தை உடனே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். மனு நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்பார்கள்.